‘ஆம்பளையா ஆடு’ என்றால் உடல் என்ன செய்யும்?

“இன்னும் கொஞ்சம் ஆம்பளையா ஆடு.”

நடனம் கற்கும் பையன்களில் இந்தத் திருத்தத்தைக் கேட்காமல் வளர்ந்தவன் அபூர்வம். பாலே வகுப்பிலும் சொல்வார்கள், பரதத்திலும் சொல்வார்கள், மேடை ஒத்திகையில் கடைசி நிமிடத்திலும் சொல்வார்கள். சொல்கிறவருக்கு என்ன வேண்டும் என்பது பெரும்பாலும் அவருக்கே தெளிவாக இருக்காது. கேட்கிறவன் உடலில் மட்டும் உடனே நாலு காரியம் நடக்கும். நெஞ்சு புடைக்கும். விரல்கள் மடங்கி இறுகும். தாடை மேலே ஏறும். பாதம் தரையை அடிக்கத் தொடங்கும்.

நாலும் ஆட்டத்தைக் கெடுப்பவை. நெஞ்சைப் புடைத்தால் கீழ் விலா முன்னால் தள்ளுகிறது; அதை ஈடுகட்ட இடுப்புக்கு மேல் முதுகு குழிகிறது; உடம்பின் நேர்க்கோடு பின்னால் சாய்கிறது. ஒற்றைக் காலில் சுழலும் பிருவெட்டில் முதல் சுற்று எப்படியோ முடியும், இரண்டாவதில் குதிகால் பக்கமாக விழுவான். விரல் இறுகினால் முன்கை இறுகும், தோள் காதை நோக்கி ஏறும், கழுத்து கட்டையாகும். சுழலும்போது தலையைக் கடைசிவரை ஒரே புள்ளியில் நிறுத்திச் சட்டென்று திருப்ப வேண்டும். கட்டையான கழுத்தால் அது முடியாது, தலை சுற்றும். தாடை ஏறினால் பார்வை பார்வையாளர் தலைக்கு மேலே போய்விடும். பாதத்தை அடித்து இறங்குவதுதான் ஆபத்தானது. குதித்து இறங்கும்போது விரல், முன்பாதம், குதிகால், முழங்கால் என்று வரிசையாக மடங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டும். சத்தம் கேட்க வேண்டும் என்று அடித்து இறங்குகிறவனிடம் அந்த வரிசை இல்லை. முன்கால் எலும்பு வலி முதலில் வரும். அதைப் பொருட்படுத்தாமல் ஆடினால் எலும்பில் மயிரிழை விரிசல்.

பாலேயில் ஆண்களுக்கே உரியதாகக் கருதப்படும் ஒரு குதியை எடுத்துக்கொள்ளலாம்: நின்ற இடத்திலேயே எழும்பி, காற்றில் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கால்களைப் பின்னி இறங்குவது. உடலின் எடைமையம் 50 செ.மீ. உயர்ந்தால் ஆடுகிறவன் காற்றில் இருக்கப்போவது ஏறக்குறைய 0.64 நொடி. அதற்குள் 720 டிகிரி. கால்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும், கைகள் மார்புக்கு அருகே வந்திருக்க வேண்டும், தலை இரண்டு முறை திரும்பியிருக்க வேண்டும். வீரம் காட்டுவதற்கு அதில் இடமே இல்லை. வீரமாகத் தெரிவதெல்லாம் இறங்கிய பிறகு அசையாமல் நிற்கும் அந்த ஒரு கணம்தான். அது வருவது ஆழமாகவும் மெதுவாகவும் மடங்கும் முழங்காலிலிருந்து.

ஆகவே நல்ல ஆசிரியர் ‘ஆம்பளையா’ என்று சொல்வதை நிறுத்திவிட்டு, தனக்கு வேண்டியதைச் சொல்வார். “கீழ் விலாவை மூடு.” “கையின் அசைவை முதுகிலிருந்து தொடங்கு.” “குதிகால் தரையைத் தொட்ட பிறகு அடுத்ததை யோசி.” பாத்திரம் கம்பீரமாகத் தெரிய வேண்டுமென்றால் அதற்கும் சொற்கள் உண்டு: ஒவ்வோர் அடியிலும் இன்னும் கால் அடி தூரம் கூடுதலாகக் கட, திரும்புவதற்கு முன் அரைத் தாளம் காத்திரு, முதலில் கண் போகட்டும், பிறகு தலை, கடைசியில் தோள். இவற்றை எந்த உடலுக்கும் கற்றுத்தரலாம், பெண்ணுக்கும் சேர்த்து. மேடையில் நாம் ஆண்மை என்று பார்ப்பது இப்படிப்பட்ட அடவுகளின் கூட்டு. அந்தப் பையன் யாரைக் காதலிக்கிறான் என்பது அந்தக் கூட்டில் எங்கும் இல்லை. ஆனால் ‘ஆம்பளையா ஆடு’ என்ற திருத்தத்தில் அந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. பையனுக்கு அது கேட்டுவிடும். கூட இருக்கிற மற்ற பையன்களுக்கும் கேட்டுவிடும்.

எது ஆண்மை என்பது காலந்தோறும் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் இந்தத் திருத்தத்தின் அபத்தம் புரியும். 1653-இல் பதினான்கு வயது பதினான்காம் லூயி, இறகும் பொன்னும் அணிந்து சூரியக் கடவுளாக ஆடினான். அந்த அரசவையில் பாலே என்பது வாள்வீச்சுக்கும் குதிரையேற்றத்துக்கும் பக்கத்தில் வைக்கப்பட்ட ஆண்பிள்ளைக் கலை. 1661-இல் அவனே அதற்கு ஓர் அரச கழகம் அமைத்தான். பாரிஸ் ஓபரா மேடையில் தொழில்முறைப் பெண்கள் ஆடத் தொடங்கியதே 1681-இல்தான். அதுவரை பெண் பாத்திரங்களையும் முகமூடி போட்ட ஆண்களே ஆடினார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழ். விரல்நுனியில் நின்று மிதக்கும் பெண்ணை மேடை கொண்டாடியது, ஆணைப் பார்க்கவே பாரிஸ் பார்வையாளர்கள் முகம் சுளித்தார்கள். 1870-இல் அங்கே முதன்முதலாக மேடையேறிய ‘கோப்பேலியா’வில் காதலன் பாத்திரத்தையே ஒரு பெண்தான் கால்சட்டை போட்டு ஆடினார். இன்று ‘பாலே பெண்களுக்கானது’ என்று சொல்பவர்கள் ஏதோ ஆதிகாலத்து உண்மையைச் சொல்வதாக நினைக்கிறார்கள். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரசனை, அவ்வளவுதான். ஜப்பானில் 1629-இல் கபுகி நாடக மேடையிலிருந்து பெண்களை அரசு விலக்கியதால் பெண் வேடம் ஆண்களின் தனிக்கலையாகவே வளர்ந்தது என்பது இன்னொரு கதை.

பாலியல் பக்கம் வருவோம். ‘ஆண் நடனக்காரர்கள் எல்லாரும் அப்படித்தானாமே’ என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1997-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 136 தொழில்முறை நடனக்கலைஞர்களைப் பேட்டி கண்டார்கள். தங்கள் துறையில் உள்ள ஆண்களில் பாதிக்கு மேல் தன்பாலீர்ப்பாளர்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு. இது அவர்கள் கணிப்பு; யாரும் தலை எண்ணவில்லை. அந்த ஆய்வில் இதைவிட முக்கியமான பகுதி வேறு: தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கு அந்த உணர்வு, பெரும்பாலும், நடனத்துக்கு வருவதற்கு முன்பே இருந்திருக்கிறது. நடனம் தன் ஈர்ப்பை மாற்றியிருக்கலாம் என்று நினைத்தவர் ஒரே ஒருவர். மகனை வகுப்புக்கு அனுப்பினால் ‘மாறிவிடுவானோ’ என்ற பெற்றோர் பயத்துக்கு இதில் ஆதாரம் கிடைக்காது. நடக்கக்கூடியது வேறு: ஏற்கெனவே தனித்து உணர்ந்த ஒரு பையன், தன்னைக் கேலி செய்யாத ஓர் அறையைக் கண்டுபிடித்து அங்கேயே தங்கிவிடுகிறான். பாதிக்கு மேல் என்ற மதிப்பீடு சரியாகவே இருந்தாலும், மிச்சம் இருக்கும் பெருங்கூட்டம் எதிர்பாலீர்ப்பாளர்கள். இரண்டு சாராரும் ஒரே பயிற்சிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரே வியர்வை நாற்றத்தில் காலையில் ஒன்றரை மணி நேரம் வகுப்பு செய்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது பெரிய செய்தியே இல்லை.

வெளியே இருப்பவர்களுக்காகத்தான் துறை நெடுங்காலமாக ஒரு விளம்பரம் செய்துவருகிறது: ‘இதுவும் விளையாட்டுதான், இவர்களும் வீரர்கள்தான்.’ அமெரிக்காவில் நடனக்கலைஞர் டெட் ஷான் 1933-இல் ஆண்கள் மட்டுமே கொண்ட குழுவைத் தொடங்கினார். உடற்கல்வி படித்த கல்லூரி மாணவர்களைச் சேர்த்து, உழைப்பையும் போரையும் விளையாட்டையும் பொருளாக வைத்து, வெற்று மார்போடு ஊர் ஊராக ஆடவைத்து 1940 வரை அதை நடத்தினார். அந்த ஆண்மைப் பிரசாரத்தை நடத்தியவருக்கே ஆண்கள் மீது காதல் இருந்தது. குழுவின் முன்னணிக் கலைஞர் பார்ட்டன் மமோவும் அவரும் இணையர்கள். வெளியில் சொல்ல வழியில்லாத காலம். 1958-இல் ஹாலிவுட் நடன நட்சத்திரம் ஜீன் கெல்லி தொலைக்காட்சியில் தோன்றி, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலையும் குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சனையும் பக்கத்தில் நிறுத்தி, அவர்களுடைய அசைவும் நடன அசைவும் ஒன்றே என்று காட்டினார். அழகான வாதம், உடலியலாகப் பார்த்தால் சரியானதும்கூட. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. ‘நாங்களும் ஆண்கள்தான்’ என்று நிரூபிக்கிற ஒவ்வொரு முறையும், மென்மையாக ஆடுகிற பையன் அந்த ‘நாங்க’ளுக்கு வெளியே தள்ளப்படுகிறான். நடனப் பள்ளிகள் இன்றும் பையன்களை ஈர்க்கக் கால்பந்தோடு ஒப்பிட்டுத் துண்டறிக்கை அடிக்கின்றன. சேரும் பையன்களில் பலர் கால்பந்திலிருந்து தப்பித்து வந்தவர்கள் என்பதை எழுதுகிறவர் யோசிப்பதில்லை.

மறைத்தலின் கணக்கு சில பேர் வாழ்க்கையில் கொடூரமாக முடிந்தது. ரஷ்ய பாலே நட்சத்திரம் நிஜின்ஸ்கி, 1911-இல் ஜாரின் அரங்கிலிருந்து நீக்கப்பட்டார். வழக்கமான மேல்காற்சட்டை இல்லாமல் இறுக்கமான காலுறையோடு மேடையேறியது குற்றம். ஆணின் உடல் எவ்வளவு தெரியலாம் என்ற சண்டை அது. அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன பாலே குழுத் தலைவர் தியாகிலெவ் அவருடைய காதலராகவும் முதலாளியாகவும் இருந்தார். 1913-இல் நிஜின்ஸ்கி ஒரு பெண்ணை மணந்ததும் தந்தி மூலம் வேலை போயிற்று. காதலும் சம்பளமும் ஒரே கையிலிருந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் தேட வேண்டியதில்லை. எய்ட்ஸ் ஆண்டுகளில் அமெரிக்க நடன அமைப்பாளர் ஆல்வின் எய்லி 1989-இல் இறந்தபோது வேறொரு இரத்தநோய் என்றுதான் அறிவித்தார்கள். தாயைக் களங்கம் தீண்டக் கூடாது என்பது அவர் விருப்பம். 1993-இல் பாலே நட்சத்திரம் நுரெயெவ் இறந்த பிறகே அவருடைய நோயின் பெயர் மருத்துவரிடமிருந்து வந்தது. நல்ல ஆடுநர்களும், ஒத்திகை நடத்துபவர்களும், ஒரு தலைமுறைக்கு அடவு கற்றுத்தந்திருக்க வேண்டியவர்களும் அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் போனார்கள். கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத் திருத்திக் கைமாறும் கலையில் அந்த ஓட்டையை எந்த ஒளிப்பதிவாலும் அடைக்க முடியாது.

இனி, வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் சரியாகச் சொல்லித்தராத ஒரு பொருள்: டான்ஸ் பெல்ட். இறுக்கமான காலுறைக்குள் ஆண்கள் அணிவது. அகலமான இழுவைப் பட்டை இடுப்பில் இருக்கும், முன்னால் தடித்த துணிப்பை, பின்னால் ஒரே ஒரு குறுகிய நாடா. சாதாரண உள்ளாடை போல உறுப்பைக் கீழ்நோக்கி விட்டு அணிந்தால், கால்களைப் பின்னி நிறுத்தும் ஐந்தாம் நிலையிலும் காற்றில் தொடைகளை அடித்துக்கொள்ளும் குதிகளிலும் நசுங்கும். மேல்நோக்கியும் முன்னோக்கியும் வைத்துத்தான் அணிய வேண்டும். தளர்ந்த அளவில் வாங்கினால் பாதி வகுப்பில் நகர்ந்துவிடும். மிக இறுக்கமானால் இடுப்பு வளைவில் தோலைத் தேய்க்கும். முதல் ஒரு வாரம் பின்பக்க நாடா எரிச்சலூட்டும், பிறகு இருப்பதே தெரியாது. ஒன்றுக்கு மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் துவைக்க வேண்டும், வெந்நீரில் போட்டால் இழுவை செத்துவிடும். ஆசிரியர் பெண்ணாக இருந்தால் இதைச் சொல்லக் கூசுவார், ஆணாக இருந்தால் ஜோக் அடித்துவிட்டுப் போய்விடுவார். பதிமூன்று வயதுப் பையன் தானே தப்பும் தவறுமாகக் கண்டுபிடிப்பான். உடை மாற்றும் அறையில் நடக்கும் கேலிகளில் பாதி இந்த ஒரு துணியைச் சுற்றியே நடக்கின்றன. ஐந்து நிமிடம் நேராகச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் விஷயம்.

அடுத்தது தூக்குதல். ஆண் என்றால் பெண்ணைத் தூக்குகிறவன் என்று பாலே பல காலமாகச் சொல்லிக்கொடுத்துவருகிறது. தூக்குவது கைவலிமை என்று நினைப்பவன்தான் முதலில் முதுகை உடைத்துக்கொள்வான். தலைக்கு மேலே நேராகத் தூக்கும் ஒரு எளிய லிஃப்டில் நடப்பது இது: அவளுக்குப் பின்னால், அவள் உடலோடு ஒட்டும் அளவுக்கு அருகில் நிற்கிறான். உள்ளங்கைகள் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே. விரல்கள் முன்னால் விரிந்து, கட்டைவிரல்கள் முதுகுப் பக்கம். விலாவைப் பிடித்தால் அவளுக்கு மூச்சு போகும், சதையைப் பிடித்தால் நழுவும். இருவரும் ஒரே தாளத்தில் முழங்கால் மடக்குகிறார்கள். அவள் குதிக்கிறாள்; அந்தக் குதி உச்சத்தை நெருங்கும்போது அவன் கால்கள் நிமிர்ந்து அவளை மேலே தள்ளுகின்றன. கை கடைசியில்தான் நீள்கிறது. மேலே போனதும் அவளுடைய எடைமையம் அவன் பாதங்களுக்கு நேர்மேலே இருக்க வேண்டும். கை பூட்டிக்கொண்டால் எலும்பு தாங்கும், தசைக்கு வேலை குறைவு.

தப்பு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, அவள் குதிப்பதற்கு முன்பே அவன் கையால் இழுக்கத் தொடங்குவது. இரண்டு, அவளை உடலிலிருந்து தள்ளிப் பிடிப்பது. 50 கிலோ எடையை முதுகெலும்பிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால், அதைச் சமன் செய்யும் முதுகுத் தசைகளுக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளம் 5 செ.மீ.தான், காகிதக் கணக்கில் அவை 300 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதோடு நெஞ்சையும் புடைத்து முதுகைக் குழித்திருந்தால், இடுப்புப் பகுதி முள்ளெலும்பின் பின்வளைவில் அழுத்தத்தால் விரிசல் விழும். ஆண் ஆடுநர்களுக்கு நன்கு அறிமுகமான காயம் அது. வலிக்கிறது என்று சொல்லாமல் ஆடுவது ஆண்மை என்று எண்ணுகிறவன் உரிய ஓய்வில் ஆறியிருக்க வேண்டியதை இன்னும் பல மாதத்துக்கு இழுத்துக்கொள்வான்.

தொடுதலைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். எங்கே பிடிக்கப்போகிறேன் என்பதை முதல் ஒத்திகையில் வாயால் சொல்லிவிட்டுப் பிடிப்பது, நகம் வெட்டியிருப்பது, கை நழுவி வேறிடத்தில் பட்டால் ‘ஸாரி, மறுபடி’ என்று உடனே சொல்லித் தொடர்வது, இவை அடிப்படை மரியாதை. இளம் ஆணுக்கு எப்போதாவது உடல் தானாகக் கிளர்ந்துவிடலாம். உராய்வுக்கும் பதற்றத்துக்கும் வரும் அனிச்சை அது, யார்மீதும் ஆசை என்று பொருளில்லை. ஒதுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் போதும். உண்மையான ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. துறையில் பையன்கள் குறைவு, ஆகவே அவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, தாமதமாக வந்தாலும் இடமுண்டு. நுரெயெவ் லெனின்கிராட் பள்ளியில் சேர்ந்தபோது வயது 17. ஒரு பெண்ணுக்கு அந்த வயதில் கதவு மூடியிருக்கும். மேலே போனால் இயக்குநர் நாற்காலிகளிலும் பெரும்பாலும் ஆண்கள். இந்தச் சலுகையும் அதிகாரமும் ஒரே சிறு வட்டத்தில் சுழலும்போது, வாய்ப்பு தருகிறேன் என்று நெருங்கும் மூத்தவரிடம் மாட்டுகிற பையன் வெளியே சொல்வதில்லை. சொன்னால் ‘நீ ஆம்பளைதானே, தள்ளிவிட்டிருக்கலாமே’ என்பார்கள், அல்லது அவனையே சந்தேகமாகப் பார்ப்பார்கள். பள்ளிகளில் தனியறையில் ஒற்றை மாணவனுக்கு வகுப்பு கூடாது, கதவில் கண்ணாடி வேண்டும், புகாரை வாங்குபவர் நடன இயக்குநராக இருக்கக் கூடாது என்ற விதிகள் பையன்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்திய மரபுகளில் நிலவரம் வேறு மாதிரி முடிச்சுப் போட்டிருக்கிறது. வீறுள்ள தாண்டவம் ஆணுக்கு, மென்மையான லாஸ்யம் பெண்ணுக்கு என்று வகுப்பில் பிரித்துச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பதம் என்ற காதல் அபிநயப் பாட்டை ஆடத் தொடங்கினால் ஆணும் நாயகியாகித்தான் ஆக வேண்டும். பாட்டு அவளுடைய குரலில் இருக்கிறது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் பாடியதில் யாருக்கும் சங்கடம் இல்லை. அதே பாசுரத்துக்கு ஒரு இளைஞன் அபிநயம் பிடித்தால் மட்டும் முன்வரிசையில் ஒருவர் நெளிவார். குச்சிப்புடிக் கலைஞர் வேதாந்தம் சத்யநாராயண சர்மா சத்யபாமாவாக ஜடையும் நகையும் அணிந்து பெண்ணாகவே மாறி ஆடினார். ஒடிசி குரு கேளுசரண் மஹாபாத்ரா முதுமையில் வழுக்கைத் தலையோடு, எந்தப் பெண் வேடமும் இல்லாமல், ராதையின் ஏக்கத்தைக் கொண்டுவந்தார். இரண்டும் இரண்டு வெவ்வேறு நுட்பம். முதலாவதில் முழங்கால் இடைவெளி, தோள் சாய்வு, நடையின் அளவு எல்லாம் மாற வேண்டும். இரண்டாவதில் அவற்றில் எதையும் பெரிதாக மாற்றாமல், மூச்சும் கண்ணிமையும் வேலை செய்ய வேண்டும். இரண்டாவதுதான் கடினம் என்பது என் அபிப்பிராயம், மறைந்துகொள்ள ஜடைகூட இல்லை. இவர்களையெல்லாம் கொண்டாடிய நாட்டில், ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உடலுறவு 2018 செப்டம்பர் 6 வரை சட்டப்படி குற்றமாக இருந்தது. அந்த 377-ஆம் பிரிவுத் தீர்ப்பு யார் பெயரில் இருக்கிறதோ அந்த நவ்தேஜ் சிங் ஜோஹர் ஒரு பரதநாட்டியக் கலைஞர்.

மேற்கில் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடுவது கேலிக்கூத்து என்ற நிலையிலிருந்து மெல்ல நகர்ந்தது. 1995-இல் லண்டனில் நடன அமைப்பாளர் மாத்யூ போர்ன் ‘ஸ்வான் லேக்’ பாலேயின் அன்னங்களை எல்லாம் ஆண்களாக்கினார்: வெற்று மார்பு, இறகுக் கால்சட்டை, அன்னத்தின் மூர்க்கம். 2019-இல் அமெரிக்காவின் பால்ரூம் ஜோடி நடனத்துக்கான தேசிய அமைப்பு ஜோடி என்பதற்கான வரையறையை ஆண், பெண் என்பதிலிருந்து நடத்துபவர், தொடர்பவர் என்று மாற்றியது. அர்ஜென்டினாவின் ஜோடி நடனமான டாங்கோவை ஆடுகிறவர்களுக்கு இதில் புதுமை இல்லை. பழைய புவெனஸ் ஐரிஸில் ஆண்கள் ஆண்களோடுதான் பயின்றார்கள், முதலில் தொடர்பவராக ஆடக் கற்ற பிறகே நடத்த அனுமதி.

ஆண் ஆணைத் தூக்கும்போது மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறும். 75 கிலோ ஆளை நேராகத் தலைக்கு மேலே தள்ளுவது வீண் முயற்சி. ஓடிவரும் வேகத்தைச் சுழற்சியாக மாற்றி, தோளிலோ இடுப்பின் பக்கவாட்டிலோ எடையை உட்காரவைத்து, இறக்கும் வழியையும் அதே வளைவில் வைத்தால் வேலை பாதியாகும். தூக்குபவனுக்குக் கற்றுத்தருவது எளிது. கஷ்டம் தூக்கப்படுபவனிடம். பத்து வருடம் வகுப்பு செய்திருப்பான், தன் எடையை இன்னொருவரிடம் ஒப்படைக்க ஒரு நாளும் கற்றிருக்க மாட்டான். தரையை விட்டதும் மூச்சைப் பிடித்துக்கொள்வான், தொடை தளரும், கை எதையாவது பற்றத் தேடும். தளர்ந்த உடல் அதே எடையிலும் கனமாக இருக்கும். ஆகவே முதலில் தரையிலேயே பயிற்சி: மல்லாந்து படுத்து, வயிற்றை இறுக்கி, குதிகாலை ஒருவர் பிடித்து ஒரு சாண் தூக்கும்போது உடல் பலகையாக எழ வேண்டும், மூச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது வந்த பிறகு தோள் உயரம். அங்கே எல்லாரும் செய்யும் பிழை ஒன்றுதான்: கீழே இருப்பவன் முகத்தைக் குனிந்து பார்ப்பது. தலை கவிழ்ந்தால் முதுகு வளைந்து எடை முழுக்க முன்னால் சரியும், இரண்டு பேரும் ஓர் அடி தடுமாறுவார்கள். அரங்கத்தின் கடைசி வரிசைக்கு மேலே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள்.